பூஜ்ய ஸ்தானத்தின் சரித்திரம்

மரத்தையோ உலோகத்தையோ குறித்த அளவுக்குக் குடைந்தெடுக்கும் யந்திரம் எதுவாக இருந்தாலும், அதன் முன் நிற்பவர் வேலையைத் தொடங்குமுன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வெட்டுங் கருவியின் நுனி இந்தக் கணத்தில் வேலைப்பொருளிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் நிற்கிறது என்பதே அது. இதற்கு விடை கிடைத்துவிட்டால் எஞ்சியவை பெரும்பாலும் கூட்டலும் கழித்தலுமாகிய கணக்குகளே. விடை பிழைத்துவிட்டால், எத்துணை விலையுயர்ந்த யந்திரமாயினும் அதன் நுட்பம் யாருக்கும் பயன்படாமற் போகும். கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் உள்ள பட்டறைகளில் ‘ஜீரோ எடுப்பது’ என்று சொல்லப்படும் இந்தக் காரியத்தை, இன்று வீட்டு மாடியிலோ கொட்டகையிலோ எண் கட்டளைகளால் தானே இயங்கும் சிறிய சி.என்.சி. யந்திரமொன்றை நிறுத்திப் பலகையில் எழுத்துச் செதுக்கிப் பார்க்கும் ஆர்வலரும் செய்கிறார். அவருக்கு நேரும் தொல்லைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு காரியத்திலேதான் பிறக்கின்றன. அத்தொல்லைகள் அவருக்குப் புதியவையாகத் தோன்றலாம். ஆனால் அவை ஒவ்வொன்றையும் இருநூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் எதிர்கொண்டு, பொறுமையாக ஆராய்ந்து, ஒரு வழி கண்டு வைத்திருக்கிறார். அந்த வழிகளின் சரித்திரத்தை அறிந்துகொள்வது, யந்திரத்தோடு வரும் குறிப்பேட்டைப் படிப்பதைவிடப் பயன்தரும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பட்டறை நடத்திய ஹென்றி மாட்ஸ்லே, திருகு வெட்டும் லேத்தைச் செப்பம் செய்ததற்காகப் புகழ்பெற்றவர். அவர் மேஜைமேல் வைத்திருந்த ஒரு மைக்ரோமீட்டருக்குப் பட்டறையில், நாட்டின் தலைமை நீதிபதியாக விளங்கிய லார்டு சான்ஸலரின் பெயரையே இட்டு அழைத்தார்கள். அளவைப் பற்றிய தகராறு எதுவாயினும் அதன் முன் கொண்டுவரப்பட்டு, அதன் தீர்ப்பே முடிவானதாகக் கொள்ளப்பட்டது. பலருடைய கைகள் ஒரு பொருளைப் பலவாறாக அளந்தாலும், எல்லாரும் ஒப்புக்கொள்ளும் நிலையான ஆதாரம் ஒன்று பட்டறையில் இருந்தாக வேண்டும் என்ற உணர்வு அங்கே வேரூன்றியது.

மாட்ஸ்லேயின் பட்டறையில் பயின்று, பிறகு மான்செஸ்டரில் சொந்தத் தொழிற்சாலை நிறுவிய ஜோசஃப் விட்வொர்த், அந்த உணர்வை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார். 1840-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கத்தில், உண்மையான சமதளத்தை ஆக்கும் முறையை அவர் விளக்கினார். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால், ஒன்று குழிந்தும் மற்றொன்று குவிந்தும் இருந்தபடியே அவை பொருந்திவிடக்கூடும். மூன்று தட்டுகளை மாறிமாறி ஒப்பிட்டுச் சுரண்டினாலோ, மூன்றும் சமதளமாக இருந்தாலன்றி ஒன்றோடொன்று பொருந்தமாட்டா. எந்த அளவுகோலின் துணையுமின்றி, மூன்று இரும்புத் தட்டுகளின் பரஸ்பர சோதனையிலிருந்தே சமதளம் என்ற பிரமாணம் பிறக்கிறது. இன்று ஆர்வலர் தம் சிறு யந்திரத்தின் படுகைப் பலகையை, அந்த யந்திரத்தின் கட்டரைக் கொண்டே சீவிச் சமமாக்கிக்கொள்வதும் இந்த நோக்கத்தோடு உறவுடையதே. யந்திரத்தின் அசைவுக்கு இணையான ஒரு தளம் கையில் இல்லாவிட்டால் அதன்மேல் எடுக்கும் உயரங்களுக்குப் பொருள் இல்லை.

விட்வொர்த் அமைத்த அளவை யந்திரம் இன்னும் வியப்புக்குரியது. அங்குலத்துக்கு 20 புரிகள் கொண்ட திருகு. அதைச் சுழற்றும் 200 பற்களுடைய சக்கரம். அந்தச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்தும் மற்றொரு திருகின் தலையில் 250 கோடுகள் பொறித்த வட்டு. இம்மூன்றையும் பெருக்கிப் பார்த்தால், வட்டில் ஒரு கோடு நகர்வது பத்து லட்சத்தில் ஓர் அங்குலம் என்று ஆகும். ஆனால் எண்ணைக் காட்டுவது எளிது. அந்த எண் மெய்யாகவே தொடுகையைக் குறிக்கிறதா என்று எப்படி அறிவது? அளக்கப்படும் பொருளுக்கும் யந்திரத்தின் முகத்துக்கும் இடையே இணைமுகங்களையுடைய ஒரு மெல்லிய எஃகுத் துண்டை வைத்தார் விட்வொர்த். பிடிப்பு இருக்கும்வரை அத்துண்டு அந்தரத்தில் நிற்கும். வட்டை ஒரு கோடளவு பின்னுக்குத் திருப்பினால், தன் எடையினாலேயே அது சரிந்து விழும். மனிதன் கைப்பழக்கத்தால் எவ்வளவு அழுத்தினான் என்ற சந்தேகத்தை நீக்கிவிட்டு, பூமியின் ஈர்ப்பையே சாட்சியாக நிறுத்தியது அந்த ஏற்பாடு. ஸ்பரிசத்தை ஒரு யந்திரத்தின் பொறுப்பில் ஒப்படைத்த அக்கணம், நாம் பேசும் சரித்திரத்தில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன்.

அடுத்த பெரும் அடி சுவீடனிலிருந்து வந்தது. எஸ்கில்ஸ்தூனா என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்டு யோஹான்ஸன், 1896-ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள மௌஸர் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒவ்வோர் அளவுக்கும் ஒரு தனி அளவுக்கட்டையாக நூற்றுக்கணக்கில் அடுக்கிவைத்திருந்ததைக் கண்டு, திரும்பி வரும் வழியில், சில கட்டைகளை ஒன்றன்மேலொன்று சேர்த்தே எல்லா அளவுகளையும் பெற்றுவிடலாகாதா என்று சிந்தித்தார். 102 கட்டைகளைக் கொண்ட ஒரு தொகுதியால் 1 மில்லிமீட்டரிலிருந்து 201 மில்லிமீட்டர்வரை, நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், ஏறக்குறைய 20,000 அளவுகளை அமைக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். கட்டைகளைத் தேய்த்து மெருகேற்றுவதற்கு, வீட்டிலிருந்த தையல் யந்திரத்தை மாற்றி அமைத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். நம் நாட்டுத் தொழிற்பயிற்சி மாணவர் ‘ஸ்லிப் கேஜ்’ என்று பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டிப் பார்ப்பவை அவற்றின் சந்ததியே. அளவுக்கட்டைகள் 20 டிகிரி வெப்பநிலையிலேயே தம் அளவுக்கு உண்மையாக இருக்கும் என்று அவர் கொண்ட முடிவை, 1931-ஆம் ஆண்டு சர்வதேச அளவைக் குழுவும் ஏற்றுக்கொண்டது. யந்திரத்தின் நுனிக்குக் கீழே தடிப்புத் தெரிந்த ஒரு துண்டை வைத்து, அதைத் தொடும் இடத்திலிருந்து அதன் தடிப்பைக் கழித்து உயரத்தை நிர்ணயிக்கும் முறைக்கு நம்பகமான அடித்தளம் இட்டவர் அந்தத் துப்பாக்கித் தொழிலாளியே.

இதற்கிடையில், ஜினீவாவில் கடிகாரத் தகடுகளில் துளைகளின் இடங்களைக் குறிக்கும் கருவிகளைச் செய்துவந்த பௌதிகக் கருவிச் சங்கம், 1920-களில் ‘ஜிக் போரிங்’ யந்திரத்தைப் பெரிய உருவில் ஆக்கியது. அதுவரை தகட்டில் கோடு கீறி, புள்ளி குத்தி, அந்தப் புள்ளியைத் தேடிச் சென்று துளையிட்டவர்கள், இப்போது ஒரு மூலையைப் பூஜ்யமாகக் கொண்டு, இத்தனை மில்லிமீட்டர் வலப்புறம், இத்தனை மில்லிமீட்டர் முன்புறம் என்று திருகைச் சுழற்றியே இடத்தை அடைந்தார்கள். கீறிய கோடு மறைந்து எண் அதன் ஸ்தானத்தை எடுத்துக்கொண்டது. அதனால் மூலையைத் தொட்டறிவதன் பொறுப்பும் பல மடங்கு கனத்தது. கோடு கீறிய காலத்தில் பிழையைக் கண்ணே கண்டுபிடித்துவிடும், எண்ணின் காலத்தில் முதற் பிழை கடைசித் துளைவரை கூடவே போகும். சாதாரண மில்லிங் யந்திரங்களில் இதற்கு எளிய உபாயமாகப் பயன்பட்டது சிகரெட் சுற்றும் தாள். ஏறக்குறைய ஆயிரத்தில் ஓர் அங்குலம் தடிப்புள்ள அத்தாளை எண்ணெயால் வேலைப்பொருளின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு, சுழலும் கட்டரை மெல்ல நெருங்கவிட்டால், ஒரு கணத்தில் தாள் பறித்தெடுக்கப்படும். அங்கே கைச்சக்கரத்தின் வளையத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, தாளின் தடிப்பையும் கட்டரின் பாதி விட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். நல்ல கைக்கு அது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்ஸன்ஸும் அவருடைய துணைவர் ஃபிராங்க் ஸ்டூலனும், வளைவான பரப்புகளை ஆயத்தொலைவு அட்டவணைகளைக் கொண்டு வெட்டலாம் என்று முயன்றதும், 1949-இல் விமானப்படையின் ஆதரவு கிடைத்ததும், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952 செப்டம்பரில் துளையிட்ட நாடாவால் மூன்று அச்சுகளிலும் இயங்கும் மில்லிங் யந்திரத்தைப் பொதுமக்களுக்குக் காட்டியதும் பலரும் எழுதிய கதை. இங்கே அதை விரிப்பது அநாவசியம். அந்தக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் நாடாவின் பெருமையையே பேசுகிறார்கள். நாடாவுக்கோ ஒன்று மட்டும் தெரியாது: வேலைப்பொருளை அன்று காலை எந்த இடத்தில் வைத்துப் பிடித்தார்கள் என்பது. ஆகவே, ஆரம்பகாலக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பூஜ்யத்தை நகர்த்திக்கொள்ள எண்குமிழ்களை வைத்தார்கள். யந்திரத்துக்கென ஒரு நிலையான பூஜ்யமும், வேலைப்பொருளுக்கென நகரக்கூடிய ஒரு பூஜ்யமும் ஆக இரண்டு பூஜ்யங்கள் உண்டென்ற தத்துவம் அந்தக் குமிழ்களிலேயே முதலில் உருப்பெற்றது.

மூன்றாவது ஓர் அளவும் விரைவில் வந்து சேர்ந்தது. 1958-ஆம் ஆண்டு மில்வாக்கி நகரத்துக் கியர்னி அண்டு டிரெக்கர் நிறுவனம், தன் கருவிகளைத் தானே மாற்றிக்கொள்ளும் யந்திரத்தை வெளியிட்டது. துளைக்கும் டிரில் நீளமானது, முகம் சீவும் கட்டர் குட்டையானது; ஒவ்வொன்றும் கருவியைச் சுழற்றும் தண்டாகிய ஸ்பிண்டிலில் ஏறியவுடன் நுனி வேறு வேறு உயரத்தில் நிற்கும். யந்திரத்தின் பூஜ்யத்தையோ வேலைப்பொருளின் பூஜ்யத்தையோ தொடாமல், கருவி ஒவ்வொன்றின் நீளத்துக்கும் தனி ஏடு வைத்துக்கொள்வதே இதற்கு வழி என்று தெளிந்தார்கள். கருவி உயரத்தைச் சேர்க்க ஜி43, வேலைப்பொருளின் பூஜ்யங்களைக் குறிக்க ஜி54 முதல் ஜி59 வரை என்ற கட்டளைகள் ஃபானுக் முதலிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் வழக்கில் நிலைபெற்றன. அவற்றுக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தது ஜி92: இப்போது நிற்கும் இடத்தை இன்ன எண் என்று வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லும் கட்டளை. ஞாபகசக்தி அரிதாக இருந்த காலத்துக்கு அது ஏற்றதாக இருந்தது.

எண்களுக்கு இவ்வாறு ஒழுங்கான ஏடுகள் அமைந்தபின், ஸ்பரிசம் மறுபடியும் அரங்கத்துக்கு வந்தது. கன்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்குரிய மெல்லிய எரிபொருட் குழாய்களை அளக்க வேண்டிய நெருக்கடியில், ரோல்ஸ்-ராய்ஸில் பணியாற்றிய டேவிட் மெக்மர்ட்ரி 1970-களின் தொடக்கத்தில் தொடு-உணரி ஒன்றை உருவாக்கினார். 1973-இல் ஜான் டியருடன் சேர்ந்து ரெனிஷா நிறுவனத்தையும் தொடங்கினார். அதன் உள்ளமைப்பு மிக எளியது. ஊசியைத் தாங்கும் மூன்று கைகள் ஒவ்வொன்றும் இரண்டு குண்டுகளின்மேல் அமர்ந்திருக்கும். ஆறு தொடுபுள்ளிகளின் வழியே மின்சாரம் ஓடும். ஊசி எந்தப் பக்கம் அசைந்தாலும் ஒரு தொடுபுள்ளியாவது விலகி மின்சாரத்தைத் தடுத்துவிடும்; அழுத்தம் நீங்கியதும் வில் அதைப் பழைய இடத்திலேயே அமரவைக்கும். விட்வொர்த்தின் எஃகுத் துண்டு சரிந்து விழுந்து அறிவித்ததை, இங்கே மின்சாரம் நின்று அறிவிக்கிறது.

பெருந்தொழிற்சாலைகளின் சொத்தாக இருந்த இவ்வித்தை வீட்டுக்குள் நுழைந்தது அண்மைக்காலத்தில்தான். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 1990-களில் ஆக்கிய கட்டுப்பாட்டு நிரல் பொதுச்சொத்தாக வெளியாகி, பின்னர் லினக்ஸ் சி.என்.சி. என்ற பெயரில் வளர்ந்தது. 2009-இல் நார்வே நாட்டுச் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட், ஆர்டுயினோ என்ற மலிவான சிறு பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்னும் நிரலைத் தொடங்கினார். 2011-இல் எட்வர்டு ஃபோர்டின் ஷேப்போகோ யந்திரம் தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான மேஜைகளின்மேல் இத்தகைய யந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஏடுகள் யாவும் அப்படியே வந்துவிட்டன. ஜி54-உம் ஜி43-இன் ஒரு வடிவமும் அந்தச் சிறு பலகையில் உண்டு. ஆனால் அந்த ஏடுகளைத் தாங்கியிருந்த உறுதியான ஆதாரங்கள் பல, விலையைக் குறைப்பதற்காகப் பின்தங்கிவிட்டன. ஆர்வலரின் தொல்லைகளுக்கு இதுவே மூலகாரணம்.

முதலாவதாக, இவ்யந்திரங்களை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார், தான் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சொல்லுவதில்லை. கட்டுப்பாட்டுப் பலகை தான் அனுப்பிய படிகளை எண்ணிக்கொண்டு, மோட்டார் அத்தனையும் நிறைவேற்றியதாக நம்பிக்கொண்டிருக்கிறது. கட்டர் மரக்கணுவில் சிக்கி மோட்டார் கணநேரம் தடுமாறினால், அது பெரும்பாலும் நான்கு முழுப்படிகளின் மடங்காகப் பின்தங்கும். சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகில் அது 0.16 மில்லிமீட்டர். திரையிலுள்ள எண்ணோ மாறுவதில்லை. மின்சாரம் நின்றால் நிலைமை இன்னும் மோசம். எண்ணிக்கை அழிந்துபோகும், ஸ்பிண்டில் தன் பாரத்தால் சற்றுக் கீழிறங்கவும் கூடும். ஜி54-இல் எழுதிய எண்கள் பலகையின் அழியா நினைவகத்தில் பத்திரமாகவே இருக்கின்றன. ஆனால் அவை யந்திரத்தின் பூஜ்யத்திலிருந்து கணக்கிடப்பட்டவை. அந்தப் பூஜ்யமே இடம் தெரியாமற் போனபின் அவற்றால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

யந்திரத்தின் பூஜ்யத்தை மீட்டுத் தருவது, அச்சுகளின் முனைகளில் பொருத்தப்படும் ‘ஹோமிங் சுவிட்ச்’. ஜிஆர்பிஎல் நிரலில் இதன் கிரமத்தைக் கூர்ந்து பார்த்தால் நூறாண்டு அநுபவம் அதில் அடங்கியிருப்பது தெரியும். முதலில் நிமிஷத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் சுவிட்சைத் தேடிச் சென்று தட்டும்; உடனே சற்றுப் பின்வாங்கும்; மறுபடி நிமிஷத்துக்கு 25 மில்லிமீட்டர் என்ற மெதுவான நடையில் நெருங்கித் தொடும்; கடைசியில் 1 மில்லிமீட்டர் விலகி நிற்கும். விரைந்து தொட்ட தொடுகையை அது நம்புவதில்லை. மெல்லத் தொட்டதையே பிரமாணமாகக் கொள்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்திருப்பவர், மின்சாரம் போய் வந்த பிறகும் பாதியில் நின்ற வேலைக்குத் திரும்பலாம். செய்யாதவர் ஒவ்வொரு முறையும் மூலையை மறுபடி தொட்டறிய வேண்டும். மூலை அதற்குள் வெட்டப்பட்டுவிட்டிருந்தால் பலகையைத் தூர எறியவேண்டியதுதான்.

இரண்டாவது தொல்லை உயரத்தைப் பற்றியது. தொழிற்சாலை யந்திரத்தில் கருவி ஒவ்வொன்றும் தன் கூம்புப் பிடியோடு நிரந்தரமாக இணைந்திருப்பதால், கழற்றி மாட்டினாலும் அதன் நீளம் மாறுவதில்லை. சிறு யந்திரத்திலோ, கட்டரைக் கவ்விப் பிடிக்கும் கோலெட் ஒன்றிலேயே கட்டர்களைக் கையால் மாற்றி இறுக்குகிறோம். ஒவ்வொரு முறையும் நுனி புதிய உயரத்தில் நிற்கிறது. நேற்று அளந்த நீளம் இன்றைக்கு உதவாது. ஆகையால் பித்தளை அல்லது வெறும் அலுமினியத் தகடு ஒன்றை வேலைப்பொருளின்மேல் வைத்து, கட்டரில் ஒரு கவ்வியை மாட்டி, நுனி தகட்டைத் தொட்டு மின்சுற்று முழுமையாகும் கணத்தில் உயரத்தைப் பதிவுசெய்து, தகட்டின் தடிப்பைக் கழிக்கிறார்கள். யோஹான்ஸனின் கட்டையும் மெக்மர்ட்ரியின் மின்சுற்றும் இங்கே ஒன்றுசேர்ந்திருக்கின்றன. கவனம் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். தகட்டின் அடியில் மரத்தூள் ஒட்டியிருந்தால் உயரம் பிழைக்கும். வண்ண முலாம் பூசிய அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தாது. கவ்வியை மாட்ட மறந்தால் நுனி தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும். எனவே இறங்கச் சொல்லுமுன், தகட்டைக் கையில் எடுத்துக் கட்டரில் ஒருமுறை தொட்டு, திரையில் குறி மாறுகிறதா என்று பார்ப்பதை மாறாத வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

முதற் கட்டர் மேற்பரப்பை முழுவதும் சீவியெடுத்துவிட்டால், இரண்டாவது கட்டருக்குத் தொட்டறிய எதுவும் எஞ்சாது. அதற்குப் பரிகாரம், யந்திரத்தின் படுகையில் ஒரே இடத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட தொடுமேடை. முதற் கட்டர் எந்த உயரத்தில் அதைத் தொட்டது, இரண்டாவது எந்த உயரத்தில் தொட்டது என்ற வித்தியாசத்தைக் கருவி உயர ஏட்டில் எழுதினால் போதும். வேலைப்பொருளின் பூஜ்யத்தைத் தொடவே வேண்டாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒருநாள் கருவி ஏட்டிலும், மறுநாள் ஜி54-இன் உயரத்திலும், அவசரத்தில் ஜி92-இலும் மாற்றங்களை எழுதி, ஒரே வித்தியாசத்தை இரண்டு இடங்களில் சேர்த்துவிட்டுக் கட்டரை மேஜைக்குள் இறக்குகிறார்கள். ஜிஆர்பிஎல்லில் ஜி54-இன் எண்கள் அணைத்துப் போட்டாலும் நிலைத்திருக்கும். ஜி92-இன் எண்ணும் கருவி உயரமும் யந்திரத்தை மறுபடி இயக்கியவுடன் அழிந்துபோகும். இந்த ஒரு வேறுபாட்டை அறியாமையால் கெட்ட பலகைகள் மிகுதி. 1958-க்குப் பிறகு பொறியாளர்கள் மூன்று ஏடுகளைத் தனித்தனியே பிரித்து வைத்தது காரணமின்றி அன்று. யந்திரத்தின் பூஜ்யத்தைச் சுவிட்ச் சொல்லட்டும், வேலைப்பொருளின் பூஜ்யத்தை ஜி54 வைத்துக்கொள்ளட்டும், கருவியின் உயரத்தைத் தொடுமேடை அளக்கட்டும். ஒன்றன் கணக்கை மற்றொன்றில் எழுதாதிருப்பதே சரியான முறை.

புதிதாகச் சிறு யந்திரம் வாங்கும் நண்பர்கள், மேலும் வேகமான ஸ்பிண்டிலுக்கும் பலவகைக் கட்டர்களுக்கும் பணத்தை எடுத்துவைக்குமுன், மூன்று அச்சுகளுக்கும் நல்ல ஹோமிங் சுவிட்சுகளையும் அசையாத ஒரு தொடுமேடையையும் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றின் விலை யந்திரத்தின் விலையில் சிறு பகுதியே. பொருத்தியபின், ஹோமிங்கைப் பலமுறை செய்து, ஒவ்வொரு முறையும் டயல் இண்டிகேட்டர் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். காட்டவில்லையென்றால், அது சரியாகும்வரை எந்த வேலையையும் அந்த யந்திரத்தில் ஏற்றாதீர்கள்.